ரதியின் ஒப்பாரி யாருக்காக?

"புராணக் கதைகள் மலையகக் கலைஞனை முடக்கிவிட்டன, காமன் கூத்து தோட்டத்து மக்களை மயக்கிவைத்த பழங்கதை" என்று எழுதுகிறவர்களே, நீங்கள் பார்த்தது வேடத்தை மட்டும்தான்.

இலங்கை மலையகத்தின் பதுளை, பசறைத் தேயிலைத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து கூத்துக்கான காமன் கம்பம் ஊன்றிவிட்டால், காமனின் மனைவி ரதியாக ஆடுபவர் விரதம் பிடிக்கிறார். பகலில் கவ்வாத்து வெட்டிய கை, இரவில் வளையல் போட்டுத் தப்பு மேளத்தின் அடிக்கு அசைகிறது. காமனாகிய மன்மதன் எரிந்ததும் அவர் வைக்கும் ஒப்பாரிக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயமே அழும். ஏன் அழுகிறது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தங்கை தோட்டத்திலேயே தங்கிப்போன குடும்பங்கள் இருந்தன. அந்தப் பிரிவைச் சொல்ல அவர்களிடம் ரதி இருந்தாள். மன்மதன் மீண்டும் உயிர் பெற்றாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்கிறது கதை. பிரிந்தவர்களுக்கு அது புராணமாகவா கேட்டிருக்கும்?

இந்தக் கதை ரதியாக ஆடுபவரை முடக்கவில்லை. நாள்கூலி உழைப்பாளியைக் கலைஞராக்கியதே இதுதான். அடுத்த மாசியில் பதுளைக்கு வாருங்கள். காமன் எரியும் இரவு முழுக்க விழித்திருந்து பாருங்கள். பிறகு எழுதுங்கள்.