தர்மத்துக்கும் கணக்கு உண்டு

தர்மகாரியம் எதுவாயினும், கொடுத்தவன் கொடுத்ததோடு அதை மறந்துவிட வேண்டும் என்பதும், வாங்கி நடத்துகிறவரிடம் வரவு செலவு கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்பதும், மற்றதையெல்லாம் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்பதும் நம் கிராமங்களில் ஏறக்குறைய ஒரு சாஸ்திரமாகவே வழங்கிவருகின்றன. திருப்பணி வசூலோ, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரோ, ஆடி மாதத்துக் கூழ் வார்ப்போ, எதுவானாலும், ரசீதுப் புத்தகத்தோடு வருகிற பெரியவரிடம், "போன வருஷத்துக் கணக்கு என்ன ஆயிற்று, ஐயா?" என்று ஓர் இளைஞன் கேட்டுவிட்டால், "தர்மத்துக்குப் போய்க் கணக்குக் கேட்கிறாயே, விளங்குவாயா?" என்று நாலு பேர் அவன்மேல் பாய்வார்கள். வேறு ஊரார் இப்படிப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். உத்திரமேரூர்ச் சீமையில் பேசுவதுதான் வேடிக்கை.

கணக்குக் கேட்பது அவமதிப்பு என்பது அவர்களுடைய முதல் வாதம். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட சாசனங்கள் இரண்டில் பிந்தியது, ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற்போனவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை அவனிடமிருந்து வாங்குகிற மத்தியஸ்தனோ, ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏற்று, எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். ஊர் மதிக்கும் மத்தியஸ்தன், கையை விரித்துக் காட்டியதனால் தன் மானம் போயிற்றென்று எண்ணியிருப்பானா? கணக்கு எழுதுகிறவனும், தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவித்து, சுத்தன் என்று பெருமக்கள் ஏற்றுக்கொண்ட பின்பே மறுபடியும் அந்த வேலைக்கு வரலாம்; அவன் கணக்கை வேறொருவன் முடித்துக்கொடுக்கவும் இடமில்லை. அச்சபை நிலமும் வேதப்பயிற்சியும் உடைய அந்தணர்களின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை என்பதை மறைத்து, அதைப் பூரண ஜனநாயகம் என்று மேடைதோறும் முழங்குவது எனக்குச் சம்மதமன்று. ஆனால் ஒரே குலத்தவராய், ஒருவருக்கொருவர் உறவினராய் இருந்தவர்களே தமக்குள் கணக்குக் கேட்டுக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுதிவைப்பது தற்பெருமை, செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டலாகாது என்பது அடுத்த வாதம். குழல்விளக்கிலே உபயதாரர் பெயரை வெளிச்சம் மறையும்படி எழுதிவைக்கும் பழக்கத்தைக் கண்டவர்கள் இப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. எனினும் பெயரை எழுதுவது வேறு, தர்மத்தை எழுதுவது வேறு. பழைய சாசனங்களில் கொடுத்தவன் பெயர் ஒரு வரி. கொடுத்த முதல் எவ்வளவு, அதை ஏற்றுக்கொண்டவர் யார், அதன் பொலிசையாகிய வட்டியைக் கொண்டு என்ன நடக்கவேண்டும் என்பவை பல வரி. நந்தா விளக்குக்கு விடப்படும் ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். கிழட்டு ஆடு கழிந்தால் குட்டி அந்த இடத்தை நிரப்ப, மந்தை குறையாமல் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். உத்திரமேரூரின் வயிரமேக தடாகத்திலே வண்டல் எடுப்பதற்கென்றே பல்லவர் காலத்தில் முதல் வைத்தவர்கள் இருந்தார்கள். ஏரி வெட்டியவனுக்குக் கிடைக்கும் புகழ் தூர்வாரியவனுக்குக் கிடைப்பதில்லையென்று தெரிந்தே கொடுத்தவர்கள் அவர்கள்!

வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துச் சிலாசாசனம், ஒரு கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் எப்படி நடத்தவேண்டுமென்று சொல்கிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்; சல்லியக்கிரியை என்ற ரண சிகிச்சை செய்பவருக்கு 30 கலம்; மூலிகை கொண்டுவருவோர், மருந்தாடும் பெண்டுகள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நெல். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய கடுக்காய் லேகியங்கள், தைலங்கள், பழநெய் ஆகியவற்றின் ஜாபிதாவும், இரவு முழுதும் எரியவேண்டிய ஒரு விளக்குக்கான எண்ணெயும் அதில் உண்டு. ஒருநாள் நாழி அரிசி குறைந்தால், படுக்கையில் கிடக்கும் ஏழை, கல்லைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம் அல்லவா? அதைத் தற்பெருமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்போருக்குப் பச்சையப்ப முதலியாரின் கதை போதும். காஞ்சிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, பெருந்திரவியம் ஈட்டி, 1794இல் மறைந்த அவர், மரண காலத்தில் எழுதிய உயிலின்படி தம் செல்வத்தைத் தர்மங்களுக்கு வைத்தார். தெய்வ கைங்கரியங்களுக்கே வைத்த அந்தப் பணம் பரிபாலனக் குறைவாலும் வியாஜ்ஜியங்களாலும் பல்லாண்டு முடங்கிக் கிடக்க, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால் சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டு ஒழுங்குசெய்த பிறகே, 1842இல் அவர் பெயரால் பள்ளிக்கூடம் திறந்தது. அவர் இறந்து 48 ஆண்டுகள்! அந்தப் பள்ளியில் படித்திருக்கக்கூடிய இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

அரசாங்கம் இருக்க நாம் ஏன் கொடுப்பது என்கிறவர்களுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்ற பட்டியலை ஊரார்முன் வைத்த பிறகே அங்கே கை நீட்டினார்கள். பட்டியலைக் கண்ட ஊரும் கொடுத்தது.

இவ்வளவு கடுமையாகக் கணக்குக் கேட்டால் பொதுக்காரியத்துக்கு எவன் வருவான் என்ற வாதம் ஒன்றே மிச்சம். மெய்யாகவே பயந்து கேட்கப்படுவதும் அது ஒன்றே. சம்பளத்துக்குச் செய்யாத ஒருவரை, பாதி ராத்திரியில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டு உட்காரவைப்பது சங்கடந்தான். ஆனால் உத்திரமேரூரின் 30 குடும்புகளிலும், அதாவது ஊர்ப்பிரிவுகளிலும், பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்க வேண்டியிருந்தது என்றால், வேண்டிய இடங்களைவிடத் தகுதியுள்ள பெயர்கள் மிகுதியாக இருந்தன என்றுதானே அர்த்தம்? முப்பத்தைந்து வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் ஆகாதென்றும், 360 நாள் முடிந்தால் இறங்கிவிட வேண்டுமென்றும், அடுத்த மூன்றாண்டுக்கு மறுபடி வரலாகாதென்றும், கணக்கில் தவறினால் உறவினர்க்கும் தடையென்றும் விதித்திருந்தும், அந்தக் குடம் காலியாக இருக்கவில்லை.