யாருடைய கூரைக்கு மானியம்?

சூரியன் எல்லார் வீட்டுக் கூரையின்மீதும் ஒரே மாதிரிதான் காய்கிறது. ஆனால் அந்தச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க அரசு தரும் மானியம் எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. வீட்டு உபயோகத்துக்கான சோலார் மானியம் பற்றி இன்று நாடெங்கும் விவாதம் நடக்கிறது. நாட்டின் பணம் வீணாகிறது என்கிறார்கள் ஒரு சாரார். இன்னும் கூட்டித்தர வேண்டும் என்கிறார்கள் மறு சாரார். இரு தரப்பும் சற்று மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. இந்த மானியம் யாருடைய கூரையைத் தேடி வருகிறது? அம்மையார்குப்பம் போன்ற நெசவாளர் ஊரில் வாழும் நாம் இதைச் சிந்திக்காமல் இருக்க முடியாது.

திட்டம் சொல்வது என்ன?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சோலார் பேனல் அமைப்பது இதன் இலக்கு. இதற்கென 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு கிலோவாட் அமைத்தால் ரூ.30,000, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 மானியமாகக் கிடைக்கும்.

பெயரில் 'இலவசம்' என்ற சொல் இருப்பதால் எல்லாமே இலவசம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மை அதுவல்ல. வீட்டுக்காரர் முதலில் தம் செலவிலோ கடன் வாங்கியோ பேனலைப் பொருத்த வேண்டும். மின்வாரியம் பார்வையிட்டு மீட்டர் வைத்து இணைப்புக் கொடுத்த பிறகுதான் மானியம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஆகும் செலவில் 60 சதவீதம், மூன்றாவது கிலோவாட்டுக்கு 40 சதவீதம் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அதன்படி மூன்று கிலோவாட்டின் மொத்தச் செலவு ஏறக்குறைய ரூ.1,45,000. மானியம் போக ரூ.67,000 நம் கையிலிருந்து போக வேண்டும். பிணை இல்லாமல், குறைந்த வட்டியில் வங்கிக் கடனுக்கு வழி செய்திருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனாலும் கடன் கடன்தான்.

நம் ஊர்க் கூரைகள்

இந்த மானியத்தைப் பெற சொந்த வீடு வேண்டும். முறையான மின் இணைப்பு வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி வீதம் நிழல் விழாத, பேனலின் எடையைத் தாங்கும் கூரை வேண்டும். கூலிக்குத் தறி ஓட்டி வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு இது பொருந்தாது. ஓட்டு வீட்டிலும், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டிலும் இருப்பவர் தயங்குவார். அண்ணன் தம்பிகள் நால்வர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும் வீட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்ற பிரச்சினை வேறு.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொரு கணக்கு குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விசைத்தறிகளுக்கு 2023 முதல் 1,000 யூனிட்டும், கைத்தறிகளுக்கு 300 யூனிட்டும் இலவசம். உழைப்பாளிகள் போராடிப் பெற்ற நல்ல சலுகைகள் இவை. இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்குக் கட்டணம் மிகச் சொற்பம். அதை மிச்சம் பிடிக்க ரூ.67,000 கடன் வாங்குவார் யாரும் இல்லை. குளிர்சாதன வசதியோடு இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீட்டின் நிலை வேறு. அங்கே கடைசி யூனிட்டுகளின் விலை பத்து ரூபாய்க்கும் மேலே போகிறது. அவர் போட்ட முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். ஆக, அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கே இந்த மானியத்தால் அதிக லாபம். பொதுப் பணத்தை வசதியுள்ளவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

இரு பக்க நியாயங்கள்

மானியத்தை ஆதரிப்போரின் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். பள்ளிப்பட்டுப் பகுதியில் தொடங்கும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. அங்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, மீனவ மக்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் பாதித்து வருகிறது. நம் வீட்டு விளக்கு எரிய, நம் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் ஏழைகள் விலை கொடுக்கிறார்கள். எந்த வீட்டுக் கூரையில் பேனல் ஏறினாலும் அந்த அளவுக்கு நிலக்கரி எரிவது குறையும். இன்னொன்றும் உண்டு. ஜெர்மனி 2000ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி சூரிய மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தது. அந்தச் சுமையை மின்கட்டணத்தின் வழியே அந்நாட்டு மக்கள் ஏற்றார்கள். உலகெங்கும் பேனல் உற்பத்தி பெருகி விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று நமக்குக் குறைந்த விலையில் கிடைப்பதற்குப் பின்னால் அன்றைய மானியம் இருக்கிறது.

எதிர்ப்போரிடமும் நியாயம் இருக்கிறது. பகலில் நம் பேனல் தரும் மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, விளக்கும் விசிறியும் ஓடும் இரவு நேரத்தில் திரும்பப் பெறுகிறோம். கம்பி, மின்மாற்றி, ஊழியர் சம்பளம் ஆகியவற்றின் செலவு அப்படியே இருக்கிறது. வசதியுள்ளவரின் கட்டணம் குறையக் குறைய, அந்தச் செலவு பேனல் போட முடியாதவர் தலையில் விழும் என்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2022 டிசம்பரில் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான், வீடுகள் தரும் சூரிய மின்சாரத்துக்கான விலையை வெகுவாகக் குறைத்தது. கேரளத்திலும் 2025இல் ஒழுங்குமுறை ஆணையத்தின் வரைவு விதிகளால் இதே விவாதம் சூடுபிடித்தது.

வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆந்திர எல்லையைத் தாண்டினால் நகரி. அங்கேயும் நெசவாளர்கள், அதே வெயில். தாழ்த்தப்பட்ட, பழங்குடியினக் குடும்பங்களின் வீடுகளில் இரண்டு கிலோவாட் பேனலை முழு இலவசமாக அமைக்கும் திட்டத்தை ஆந்திர அரசு 2025இல் முன்வைத்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குக் கூடுதல் மானியமும் அறிவித்தது. இதன் கணக்கு எளிது. இலவச மின்சாரத்துக்காக ஆண்டுதோறும் அரசு செலவழிக்கும் பணத்துக்குப் பதில், ஒருமுறை பேனல் வைத்துக் கொடுத்தால் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் மின்சாரம் தரும். ஏழையின் சலுகை பறிபோகாது. அரசின் சுமையும் குறையும். மத்தியத் திட்டத்திலேயே, வீட்டுக்காரர் முன்பணம் போடாமல் மின்வாரியமே கூரையில் பேனல் அமைக்க வழி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அந்த வழியை முழு மனதோடு கையில் எடுக்க வேண்டும்.

நமக்கு இது புதிதும் அல்ல. 2011-12இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடும், அதில் ஐந்து சூரிய சக்தி விளக்குகளும் ஏழைகளுக்கு அரசுச் செலவிலேயே கிடைத்தன. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. தனி வீட்டுக்குக் கூரை இல்லாவிட்டாலும் ஊருக்கென்று பொதுச் சொத்து இருக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 172ஆம் பத்தி, சூரிய ஆற்றல் மிகுந்த ஏழை நாடுகள் அதைப் பயன்படுத்த மானியமும் தொழில்நுட்ப உதவியும் தேவை என்று வெளிப்படையாகவே பேசுகிறது. 2008இல் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் ஏறிய ஏறத்தாழ 2,400 பேனல்கள்கூட ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் நன்கொடைதான். வத்திக்கானுக்கே தொடக்கச் செலவில் பிறர் கை கொடுக்க வேண்டியிருந்தது என்றால், தறி ஓட்டும் குடும்பம் தன் கடனிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

நாம் செய்யக்கூடியவை

வசதியுள்ளவர்கள் தயங்காமல் பேனல் போடட்டும். அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் மின்தடை வரும்போது பேட்டரி இல்லாத இணைப்பு நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'முழுக்க இலவசம்' என்று சொல்லி முன்பணம் கேட்கும் தரகரை நம்பிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

நம் அன்பியக் கூட்டங்களில், பட்டாவும் மின் இணைப்பும் பெயர் மாறாமல் கிடக்கும் குடும்பங்கள் எத்தனை என்று கேட்டுப் பார்ப்போம். தாள்களைச் சரிசெய்ய எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் உதவட்டும். கிராம சபை கூடும்போது இரண்டு கோரிக்கைகளை முன்வைப்போம். அரசுப் பள்ளி, ஊராட்சிக் கட்டடங்களின் கூரைகளில் பேனல் அமைக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கு மின்வாரியமே முன்வந்து அமைத்துத் தர வேண்டும். சாதி, சமயம் பாராமல் ஊராரோடு சேர்ந்தே இதைக் கேட்போம்.

மானியம் என்பது மக்கள் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும்போது வரி செலுத்தும் கூலித் தொழிலாளியின் காசும் அதில் இருக்கிறது. அவர் வீட்டுக்கும் அது ஒரு வழியில் திரும்பி வரும்வரை இந்த விவாதத்தை நாம் தொடர்வோம்.