விநாடியையும் சேர்த்து அனுப்புங்கள்

பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) இறுதிக்காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. மணிரத்னத்தின் 'தில் சே' (1998) படத்தில் ரயில் கூரைமேல் ஆடும் பாடலும் நீலகிரி மலை ரயிலில்தான். இதைச் சொல்லிவிட்டு முழுப் படத்தின் இணைப்பை அனுப்பினால் அது சான்றாகாது. பார்ப்பவர் தலையில் தேடும் வேலையைக் கட்டுவதாகும். நூலை மேற்கோள் காட்டுபவர் பக்க எண் தருகிறார். காணொளிக்கும் அந்தக் கடமை உண்டு. யூடியூபில் இது மிக எளிது: பகிரும்போதே தொடங்கும் நேரத்தைக் குறிக்கலாம். ஒரு மணி ஐந்து நிமிடம் என்றால் இணைப்பின் வாலில் 3900 என்ற விநாடிக் கணக்கு ஒட்டிக்கொள்ளும். சிக்னல் விட்டுவிட்டு வரும் எஸ்டேட் லைன் வீடுகளில் இது டேட்டாவையும் மிச்சப்படுத்தும்.

ஒரு கணத்தை மட்டும் காட்டினால் முன்பின் தெரியாமல் போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேடு வெட்டிய துண்டுக் காணொளியால் வருவது. மசினகுடிச் சாலையில் யானை துரத்தும் பத்து விநாடி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றினால் யானைதான் குற்றவாளி. வண்டியை நிறுத்திப் படமெடுக்க இறங்கியவர்கள் வெட்டில் மறைந்துவிடுவார்கள். விநாடி குறித்த இணைப்பில் முழுக் காணொளியும் அப்படியே இருக்கிறது, பின்னால் இழுத்துப் பார்க்கலாம். மறுபதிப்பில் நேரம் மாறிவிடும் என்பது உண்மை. அதற்காகக் காட்சியை ஒரு வரியில் எழுதியும் வையுங்கள். யானை வழித்தடமோ பசுந்தேயிலை விலையோ, வழக்காடும் விஷயத்தில் துண்டை அனுப்பாதீர்கள், விநாடி குறித்த இணைப்பை அனுப்புங்கள்.