தொண்டைப் புண்ணும் இதயமும்

பள்ளி செல்லும் சிறுவனுக்குத் தொண்டை நோகிறது, எச்சில் விழுங்க இயலவில்லை, காய்ச்சலும் உண்டு. உப்பு நீரில் கொப்பளிக்கச் செய்கிறோம். மிளகுக் கஷாயம் கொடுக்கிறோம். நான்கைந்து நாளில் விளையாட ஓடிவிடுகிறான். இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் மீண்டும் காய்ச்சல் வந்து முழங்கால் வீங்குகிறது, அது தணியுமுன் கணுக்கால், பின்னர் முழங்கை. "வளரும் பிள்ளைக்கு வரும் வலிதானே" என்று பாட்டி தைலம் தேய்க்கிறார். தொண்டைக்கும் காலுக்கும் என்ன உறவு என்று எவரும் எண்ணுவதில்லை. உறவு உண்டு என்பதைக் கூறவே இம்மாதம் எழுத முற்பட்டோம்.

தொண்டைப் புண்களில் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் வந்து தாமே ஆறிவிடும். ஆயின் ஒரு பகுதி, 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருவது. இக்கிருமியின் மேலுறையிலுள்ள புரதம் நம் இதயத் தசையின் புரதங்களை ஒத்திருக்கிறது. கிருமியை அழிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், சிலரிடத்தில் அச்சாயலால் ஏமாந்து சொந்த உடலையே தாக்குகின்றன. கள்வனைத் தேடி வந்த காவலர், அவன் முகச்சாயல் கொண்ட வீட்டுப் பிள்ளையை அடிப்பது போன்றது இது. இதுவே ரூமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது மிகுதியாகப் பற்றுகிறது.

மூட்டு வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும்; இதய வால்வில் விழுந்த தழும்போ பலருக்கு மறைவதில்லை. சில பிள்ளைகளுக்குக் கைகால்கள் தம்மையறியாமல் துள்ளும், கையெழுத்துக் கோணும், தட்டு கை நழுவும். நோயென்று அறியாமல் அப்பிள்ளைகளை நாம் அடித்துவிடுவதும் உண்டு.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில், தொண்டை நோயுற்ற வீரர்களுக்குப் பெனிசிலின் கொடுத்தபோது இக்காய்ச்சல் வெகுவாகக் குறைந்ததென 1950-இல் மருத்துவர்கள் எழுதினர். தொண்டை நோய் தொடங்கி 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் பயனுண்டு. மருத்துவர் குறித்த நாள்வரை அதனை உட்கொள்ள வேண்டும். வலி நின்றதும் நிறுத்தலாகாது.

ஒருமுறை வந்த காய்ச்சல் மீண்டும் வரக்கூடும். வருந்தோறும் வால்வு மேலும் பழுதுபடும். ஆதலின் 3 அல்லது 4 வாரத்திற்கொருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போடுகின்றனர். (பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு மாற்று மருந்துண்டு.) இதயம் பழுதுபடாதவர்க்கே 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை இது வேண்டும், வால்வு கெட்டவர்க்கு 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, சிலருக்கு வாழ்நாள் முழுதும்.

இங்கேதான் நம் இல்லங்கள் தவறுகின்றன. நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ஏன் மாதந்தோறும் நோகும் ஊசி என்று நிறுத்திவிடுகிறோம். பெண் பிள்ளையாயின், வரன் பார்க்கையில் நோயையே மறைத்துவிடுகிறோம். இது நம் மனத்தைப் பெரிதும் வருத்துவது. வால்வு சுருங்கிய பெண் கருவுற்றால், மிகுந்த இரத்தத்தைச் செலுத்த வேண்டி இதயம் திணறும், மூச்சு முட்டும், தாயின் உயிருக்கே இடராகலாம். முன்னரே அறிந்த மருத்துவர், வால்வை விரிக்கும் சிகிச்சையைத் திருமணத்திற்கு முன்பே செய்துவிட முடியும். ஆதலின் ஓலை எழுதுமுன்பே பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். திருமணமாகிச் செல்லும் நாளில், அவள் பெட்டியில் பட்டுச்சேலைகளோடு ஊசி நாட்களைக் குறித்த அட்டையும் இருக்கட்டும்.