ஒரே ஆறு, இரண்டு ஊர்

ஜெர்மனியின் இரண்டாவது பெரிய நகரமான ஹாம்பர்க் கடலோரத்தில் இல்லை. வடகடல் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கப்பல்களை ஊர் நடுவுக்கே கொண்டுவந்து சேர்ப்பது எல்பே ஆறு. அந்த ஆற்றின் கொடையால் வளர்ந்த ஊர் என்றே ஹாம்பர்க்கைப் பற்றிப் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் ஹாம்பர்க்கையும் தாண்டி உணரப்படுகிறது. கப்பலுக்கு வழிவிடும் அதே ஏற்றம், ஊர்ச் சாக்கடையைக் குடிநீர் எடுக்கும் இடத்தை நோக்கித் திருப்பியும் தள்ளும். புவியியல் ஒரு நகரத்துக்கு வாய்ப்பைத் தரும், ஆபத்தையும் தரும். எது மிஞ்சும் என்பதை அந்த நகரம் பணத்தை எங்கே செலவிடுகிறது என்பதே முடிவு செய்கிறது. ஹாம்பர்க்கின் 1892ஆம் ஆண்டு இதற்கு நல்ல சான்று.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா பரவியது. சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஊரின் மக்கள்தொகை அப்போது ஆறு லட்சத்தை ஒட்டி இருந்தது. மேற்கே ஒட்டியிருந்த அல்டோனா அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்த தனி நகரம். எல்லையில் மதிலோ ஆறோ கிடையாது. ஒரு தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறுபக்கம் அல்டோனா. ஆனாலும் நோய் பெரும்பாலும் எல்லைக் கோட்டோடு நின்றுபோனது. இரண்டு ஊரும் குடித்தது எல்பே நீரைத்தான். அல்டோனா நீர் எடுத்த இடமோ ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு வரும் கீழ்ப்பகுதி. ஆகவே அழுக்கான நீர் கிடைத்தது அல்டோனாவுக்கே. ஆனால் அந்த ஊர் 1859 முதல் நீரை மணல் படுகையில் வடிகட்டிய பிறகே குழாயில் விட்டது. ஹாம்பர்க் அப்படியே விட்டது. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் அல்டோனா குழாயில் நீர் பெற்ற தொழிலாளர் குடியிருப்பு ஒன்று நோயிலிருந்து தப்பியது. மண், காற்று, வறுமை எல்லாம் ஒன்றாக இருக்க, குழாய் மட்டுமே வேறாக இருந்தது.

கிருமியைப் பற்றி அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் அடையாளம் காட்டியிருந்தாலும், மண்ணும் சூழலுமே முக்கியக் காரணம் என்ற சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபரின் கருத்துக்கு ஹாம்பர்க் மருத்துவர்களிடம் செல்வாக்கு இருந்தது உண்மை. ஆனால் அல்டோனா வடிகட்டத் தொடங்கியது கோக்கின் கண்டுபிடிப்புக்குக் கால் நூற்றாண்டு முன்பு. நீர் தெளிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குப் போதுமானதாக இருந்தது. நோய், ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர்களோடு வந்தது, துறைமுக ஊர் அதைத் தவிர்க்க முடியாது என்பது இன்னொரு வாதம். அதே புலம்பெயர்ந்தோர் இன்னொரு துறைமுக ஊரான பிரேமன் வழியாகவும் போனார்கள். அங்கே இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பணம் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தில் சேர்வதற்காக, ஹாம்பர்க் சுமார் 20,000 பேரின் குடியிருப்புகளை இடித்து ஸ்பைக்கர்ஷ்டாட் என்ற பிரம்மாண்டமான செங்கல் கிடங்கு வரிசையை எழுப்பி 1888இல் திறந்தது. காப்பிக்கும் மிளகுக்கும் மாளிகை கட்ட முடிந்த ஊரில், மணல் படுகைக்கு யார் செலவைச் சுமப்பது என்ற இழுபறி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. நகர மன்றத்தின் 160 இடங்களில் பாதி வீட்டு உரிமையாளர்களுக்கும் பிரமுகர்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. மீதிக்கு வாக்களிக்கவும் கட்டணம் கட்டிக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். குழாய் நீரைக் கொதிக்க வைக்க விறகுக்கும் வழியில்லாதவர்களுக்கு அந்த மன்றத்தில் குரலே இல்லை. ஒருவழியாக வடிகட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து வேலை நடந்துகொண்டிருந்தபோதே காலரா முந்திக்கொண்டது. ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டதாக, ஏழைகளின் சந்துகளைப் பார்த்த கோக் சொன்னாராம். 'ஆசியக் காலரா' என்று பெயரிட்டு நோயைக் கிழக்கின் தலையில் கட்டிய காலம் அது. நோயை வளர்த்ததோ ஹாம்பர்க்கின் சொந்தக் கணக்குப் புத்தகம்.

அந்த ஊர் பிறகு பாடம் கற்றதே என்றும் சொல்லலாம். கற்றது, பிணங்களை எண்ணிய பிறகு. வடிகட்டும் நிலையம் 1893இல் இயங்கத் தொடங்கியது. குடியுரிமைக் கட்டணம் 1896இல் நீக்கப்பட்டது. வெள்ளத்திலும் இதே கதைதான். 1962 பிப்ரவரியில் புயல் அலை கரைகளை உடைத்தபோது 315 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வில்ஹெல்ம்ஸ்புர்க் என்ற ஆற்றுத் தீவின் எளிய குடியிருப்புகளில் இருந்தவர்கள். கரைகள் அதன் பிறகே உயர்ந்தன. துறைமுகத்தை ஒட்டிய இன்றைய ஹாஃபன்சிட்டி பகுதியின் கட்டடங்கள் வெள்ள மட்டத்துக்கு மேலே மேடாக்கிய தளத்தில் நிற்கின்றன.

ஸ்பைக்கர்ஷ்டாட்டை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகான இடம், தகுதியான அறிவிப்பு. ஆனால் அந்த நகரம் விட்டுச்செல்லும் பாடம் கால்டெஹோஃபெ தீவில் இருக்கிறது. காலராவுக்குப் பிறகு அமைந்த மணல் படுகைகள் 1990 வரை அங்கே ஊருக்கு நீர் தந்தன. படம் எடுக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சதுரத் தொட்டிகள், சின்னஞ்சிறு கூரை வீடுகள், அவ்வளவுதான். அதே மணல் பக்கத்து ஊரில் 33 ஆண்டுகளாகக் கண்முன்னே வேலை செய்துகொண்டிருந்தது.