வார்டுக்குப் போகாமல் மருத்துவ ஆய்வுப் பட்டமா?

1990 டிசம்பர் 6. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட செயற்கை இதய வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்று மாதிரிகள் தோற்றிருந்தன. இதயம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை முறையும் வால்வின் வட்டு தேயாமல் திறந்து மூட வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் தங்கள் குழுவினருடன் உலோகத்தை மாற்றினார்கள், வட்டை மாற்றினார்கள், செம்மறி ஆடுகளில் பொருத்திப் பார்த்தார்கள். நான்காவது மாதிரி வென்றது. டிடிகே நிறுவனம் தயாரித்த அந்த வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

ஆய்வகத்தில் கண்டறிந்ததை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் இந்த வேலைக்கு ‘டிரான்ஸ்லேஷனல்’ ஆய்வு என்று பெயர். இதற்கென முதுநிலைப் படிப்புகள் வந்துவிட்டன. அவற்றில் சேரவும் தேறவும் எதைக் கட்டாயமாக்குவது என்பதுதான் கேள்வி.

இளநிலை மதிப்பெண், நுழைவுத் தேர்வு, ஓர் ஆய்வேடு என்ற வழக்கமான பட்டியல் போதாது. கரக்பூர் ஐஐடி 2001இல் எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கென்றே மூன்றாண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கி, மருத்துவர்களைப் பொறியியல் பக்கம் அழைத்துவந்தது. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, ஸ்ரீ சித்ரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். எதிர்த்திசையில் போகிறது: பொறியாளர்களை மருத்துவமனைக்குள் கொண்டுவருகிறது. இரண்டுமே சரியான வழி. மருத்துவருக்குப் புள்ளியியலும் ஆய்வக வேலையும், அறிவியல் பட்டதாரிக்கு வார்டு அனுபவமும் கட்டாயமாக வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க முடியாது. அந்தக் குழுவுக்கான விண்ணப்பத்தை மாணவர் தம் கையால் எழுத வேண்டும். நோயாளியின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, கட்டிலருகே அமர்ந்து, “நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா நிறுத்திக்கலாம்மா, வைத்தியம் எப்பவும்போல நடக்கும்” என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். கேட்பவர் தலையாட்டினால் போதாது. தமக்குப் புரிந்ததை அவரே திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வகுப்பறையில் வராது.

இத்தனையையும் விட்டுவிட்டு, ஆய்விதழில் கட்டுரை வெளியானால்தான் பட்டம் என்று நிபந்தனை வைப்பது தவறு. நான்காவது மாதிரிவரை காத்திருக்கும் பொறுமையை அந்த நிபந்தனை கொன்றுவிடும். தோற்ற சோதனையை நேர்மையாகப் பதிவுசெய்த ஆய்வேட்டுக்கும் பட்டம் கிடைக்க வேண்டும்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் மாணவர்களும் பெற்றோரும் கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: மருத்துவமனையில் எத்தனை வாரம்? ஆய்வுக்கு வழிகாட்ட ஒரு மருத்துவரும் இருப்பாரா?