மீன் பிடிக்கற கயாக்: வேகமாப் போகணுமா, ஆடாம நிக்கணுமா?

சனி, ஞாயிறு ஊர்ப்பக்கம் வர்ற நகரத்துத் தம்பிகள் சிலருக்கு இப்போ கரையில நின்னு தூண்டில் போடறது பத்தறதில்லை. கயாக் ஒண்ணு வாங்கி, அணைத் தண்ணியில இறங்கி, நடுவுல போய் மீன் பிடிக்கணும்னு ஆசைப்படறாங்க. நல்ல ஆசைதான். ஆனா வாங்கப் போறப்ப எல்லாரும் ஒரு இடத்துல முழிக்கறாங்க. நீளமா, ஒல்லியா, வேகமாப் போறதை வாங்கறதா? குட்டையா, அகலமா, ஆடாம நிக்கறதை வாங்கறதா?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மீன் பிடிக்கத்தான் வாங்கறீங்கன்னா ஆடாததை வாங்குங்க. ஆனா "அகலமா இருக்கு, அதனால கவுறாது"ன்னு மட்டும் நம்பிடாதீங்க.

முதல்ல வேகத்தோட கணக்கைப் பார்ப்போம். படகு போகப் போக முன்னாடி ஒரு அலையைத் தள்ளிக்கிட்டே போகும். தண்ணியில படியற நீளம் அதிகமா இருந்தா அந்த அலையும் நீளும், வேகமும் கூடும். 10 அடி கயாக்கைவிட 13 அடி கயாக் வேகமாப் போறது அதனாலதான். ஆனா எவ்வளவு வேகம்? சாதாரணமாத் துடுப்பு போடறவர் குட்டையானதுல மணிக்கு 4 கிலோமீட்டர் போறார், நீளமானதுல 5 போறார்னு வெச்சுக்கலாம். மீன் கிடைக்கற இடம் 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தா ஒருத்தருக்கு அரை மணி, இன்னொருத்தருக்கு 24 நிமிஷம். மிச்சம் ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்காக நாலு மணி நேரம் ஆடற பலகை மேல உட்கார்ந்து தூண்டில் வீசணுமா?

மேட்டூர் அணையில பரிசல்ல போய் வலை விடறவங்களைப் பாருங்க. மூங்கிலைப் பின்னி, முன்னெல்லாம் தோல் போர்த்தி, இப்போ தார் பூசின சாக்கு, பிளாஸ்டிக் தாள்னு போர்த்திச் செய்யற வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒரு பக்கமாத் துடுப்பு போட்டா சுத்தும். வேகத்துல கடைசி. ஆனா ஓரமாக் குனிஞ்சு ஈர வலையை இழுக்கலாம், பெரிய கட்லாவைத் தூக்கிப் போடலாம். பரிசல்காரர் ஒருத்தர் எங்கிட்ட சொன்னார்: "வேகமாப் போயி என்னங்ண்ணா பண்றது? மீனு வர்றப்பதான வரும்." வேலையில முக்காவாசி காத்திருக்கறதுதான்னா, காத்திருக்கறதுக்கு ஏத்த மாதிரிதான படகு இருக்கணும்?

கயாக் வந்த கதை வேற. வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் மரத்துலயும் எலும்புலயும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்திச் செஞ்சது அது. சத்தமில்லாம வேட்டையை நெருங்கணும், அதனால ஒல்லியா, ஊசி மாதிரி இருந்தது. பரிசலும் தோல் போர்த்தின சட்டம்தான், கயாக்கும் அதேதான். வேலை வேற, அதனால வடிவம் வேற. பயணத்துக்குன்னு செய்யற கயாக் 22, 24 அங்குல அகலம் இருக்கும். மீன் பிடிக்கச் செய்யறது 30லிருந்து 36 அங்குலம். ஒரு சாண் கூடினாலே ஆட்டம் ரொம்பக் குறைஞ்சிடும்.

இப்ப எச்சரிக்கைக்கு வர்றேன். நிலையா நிக்கறதுல ரெண்டு வகை இருக்கு. அடிப்பாகம் தட்டையா இருக்கறது அசையாத தண்ணியில திண்ணை மாதிரி நிக்கும். ஆனா அலை வந்தா அலையோட சரிவுக்கே சாயும். ஒரு அளவுக்கு மேல சாஞ்சா பட்டுனு கவுந்துடும். அடி கொஞ்சம் வளைஞ்சது உட்கார்ந்த உடனே லேசா ஆடிப் பயமுறுத்தும். ஆனா சாஞ்சாலும் தாங்கிப் பிடிச்சுக்கும். கடையில உட்கார்ந்து பார்த்து "ஆடவே இல்லையே"ன்னு வாங்கறவங்க முதல் வகையை மட்டும்தான் பார்க்கறாங்க.

உயரமான நாற்காலி வெச்ச கயாக்லயும் கவனம் வேணும். வைக்கோலை உயரமா ஏத்தின வண்டி வரப்பு மேட்டுல சாயற கதைதான். அகலம் கொடுத்ததை உயரம் பிடுங்கிக்கும். கனமான சாமானைக் கீழ, நடுவுல வையுங்க. நங்கூரத்தைப் பக்கவாட்டுல கட்டாதீங்க. முன்முனையிலயோ பின்முனையிலயோ கட்டுங்க.

வேகம் வேணும்னு சொல்றவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அது காத்து. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பெரிய அணையில காத்து கிளம்பினா அகலமான படகு நகராது. கரை கண்ணுக்குத் தெரியும், கை ஓஞ்சு போயிடும். அங்க வேகம் சொகுசு இல்லை, உயிர். அதனால ஏரி, குளம்னா 10 அடி நீளம், 33, 34 அங்குல அகலம் போதும். பெரிய நீர்த்தேக்கம்னா 12 அடியாவது இருக்கட்டும், அகலம் ரெண்டு அங்குலம் குறைஞ்சாலும் பரவாயில்லை. எதுவா இருந்தாலும் போறப்போ காத்தை எதிர்த்துப் போங்க. களைச்சுத் திரும்பறப்போ காத்தே கொண்டாந்து விடும்.

உட்காரும் இடம் மேல இருந்து, தண்ணி தானா வடியற மாதிரி ஓட்டை வெச்ச கயாக்தான் புதுசாப் பழகறவங்களுக்கு நல்லது. இது நமக்குப் புதுசில்லை. கட்டுமரமும் அப்படித்தான். மரத்துக்கு மரம் இடுக்கு வழியா வந்த தண்ணி அப்படியே போயிடும், உள்ள தேங்காது.

கடைசியா ஒண்ணு. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி உயிர்க்காப்புச் சட்டை மாட்டிக்கிட்டு, கூட ஒருத்தரை நிறுத்திக்கிட்டு, இடுப்பளவுத் தண்ணியில அந்தக் கயாக்ல ஏறுங்க. ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டே போய் வேணும்னே கவுத்துப் பாருங்க. எந்த இடத்துல கவுறுதுன்னு உடம்புக்குத் தெரியட்டும். அப்புறம் அதை நிமித்தி, யார் உதவியும் இல்லாம திரும்ப ஏறிப் பாருங்க. ஏற முடிஞ்சா அது உங்க கயாக். முடியலைன்னா எவ்வளவு வேகமாப் போனாலும் வேண்டாம்.